ஆங்கில வினைச்சொல்லும் இலக்கணத் திருத்தியும்: ஒரு மதிப்புரை

ஆங்கிலத்தில் கடிதமோ அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுதுபவர்களை எழுத்துப்பிழை இப்போதெல்லாம் அதிகம் வாட்டுவதில்லை; அதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வாட்டுவது வினைச்சொல். இறந்தகாலத்தில் தொடங்கிய பத்தி பாதி வழியில் நிகழ்காலத்துக்கு நழுவிவிடுகிறது. ஏவலாகத் தொடங்கிய செய்முறைக் குறிப்பு ‘யூ ஷுட்’ என்று அறிவுரை சொல்லத் தொடங்குகிறது. செய்வினையில் நேராகப் போய்க்கொண்டிருந்த வாக்கியம் காரணம் எதுவுமின்றிச் செயப்பாட்டுவினைக்குத் திரும்புகிறது. எழுதியவர் கண்ணுக்கு இவை எளிதில் படுவதில்லை, ஏனென்றால் தம் எழுத்தைத் திரும்பப் படிக்கும்போது அவர் பொருளைப் படிக்கிறாரே தவிர வினைமுற்றுகளைப் படிப்பதில்லை. இத்தகைய தடுமாற்றங்களைப் பிடித்துத் தருவதாக அறிவித்துக்கொள்ளும் ஓர் இணைய இலக்கணத் திருத்தியைச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். அந்த ஒரு வேலையை அது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். சொல்வளம், நடைமெருகு, நகல் சோதனை போன்ற அதன் மற்ற வசதிகளை இம்மதிப்புரை தொடவில்லை.

சேவையின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறேன். கீழே வரும் உதாரண வாக்கியங்களை, நீங்கள் வாங்க நினைக்கும் எந்தத் திருத்தியிலும் ஒட்டிப் பார்த்து அதன் தரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். பெயரைவிட அந்தச் சோதனைகள்தாம் வாங்குபவருக்குப் பயன்படும்.

பயன்படுத்தும் முறையில் சிக்கல் எதுவும் இல்லை. எழுதியதை ஒரு வெள்ளைப் பெட்டியில் ஒட்டினால், உறுதியான பிழைகளின் கீழ்ச் சிவப்புக் கோடும், நடை சார்ந்த யோசனைகளின் கீழ் நீலக் கோடும் விழுகின்றன. கோட்டைத் தொட்டால் ஒரு சிறு குறிப்பு விரிகிறது. அதில் மாற்றுச் சொல்லும், அதற்கான காரணம் ஒரு வரியிலும் இருக்கும். ஏற்கலாம், தள்ளலாம். நீளமான கட்டுரைக்கும் சில நொடிகளுக்குமேல் ஆவதில்லை.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இப்படியொரு கருவி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டால், அதை எதற்காகச் சோதித்தேன் என்பது விளங்கும். ‘அவர் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்’ என்ற வாக்கியத்தில் நான்கு செயல்கள் இருந்தும் வினைமுற்று ஒன்றுதான். கடைசிச் சொல்லைக் ‘கிளம்புவார்’ என்று மாற்றினால் முழு வாக்கியமும் எதிர்காலத்துக்குப் போய்விடும். முன்னால் வரிசையாக நிற்கும் வினையெச்சங்களைத் தொட வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் இதையே ‘அண்ட்’ போட்டு இணைத்து எழுதும்போது ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டியிருக்கிறது. நான்கு வினைகள் இருந்தால் நான்கு இடங்களில் தவறலாம். அதேபோல, ‘நாளை வருவேன் என்று சொன்னான்’ என்னும்போது தமிழ், சொன்னவனின் வாயிலிருந்து வந்த காலத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலமோ, சொன்னது இறந்தகாலம் என்றால் சொல்லப்பட்டதையும் பெரும்பாலும் ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. நம்மவர் ஆங்கிலத்தில் காலம் தடுமாறுவதற்குக் கவனக்குறைவு ஒரு பாதிக் காரணம் என்றால், இந்த அமைப்பு வேறுபாடு மறுபாதி என்பது என் எண்ணம்.

முதலில், திருத்தி நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வாக்கியத்துக்குள் காலம் மாறினால் அதன் கண் தப்புவது அரிது. ‘ஷி ஓப்பன்ட் த டோர் அண்ட் சீஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ என்று எழுதினால் ‘சீஸ்’ என்பதன் கீழ் உடனே கோடு விழுகிறது, ‘சா’ என்ற மாற்றும் வருகிறது. இரண்டு வினைகளுக்கு இடையே நீளமான இடைச்செருகல் ஒன்றைப் புகுத்தினாலும் அது ஏமாறுவதில்லை. நிபந்தனை வாக்கியங்களில் பலர் செய்யும் ‘இஃப் ஷி வுட் ஹேவ் கால்ட், ஐ வுட் ஹேவ் கம்’ என்ற தவறையும் அது சரியாகப் பிடித்து, முதல் பகுதியை ‘ஹேட் கால்ட்’ என்று மாற்றச் சொல்கிறது. ‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்பதில் முதல் ‘வில்’ கூடாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. அவசரமாக அனுப்ப வேண்டிய மின்னஞ்சலுக்கு இந்த அளவு காவல் போதும். அதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன்.

வாக்கியத்தைத் தாண்டிப் பத்திக்கு வந்தால் கதை மாறுகிறது. ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். தலைவர் வரவேற்றார் என்று இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம். பொருளாளர் கணக்கைச் சமர்ப்பிக்கிறார் என்று நிகழ்காலத்தில் அடுத்த வாக்கியம். உறுப்பினர்கள் ஒப்புதல் அளித்தார்கள் என்று மீண்டும் இறந்தகாலத்தில் மூன்றாவது. ஆங்கிலத்தில் இப்படி எழுதி ஒட்டியபோது ஒரு கோடுகூட விழவில்லை. மாறாக, மேல் மூலையில் பச்சை நிறத்தில் நூற்றுக்கு நூறு என்ற மதிப்பெண் மின்னியது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று வாக்கியங்களிலும் பிழை இல்லை என்பது உண்மைதான். ஆனால் கால ஒருமை என்பதே தனி வாக்கியத்தின் குணம் அன்று. அது அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவு. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு அதே மூன்றையும் அரைப்புள்ளியால் இணைத்து ஒட்டியபோது, சமர்ப்பிக்கிறார் என்பதற்கு நான் எழுதியிருந்த ‘ப்ரசென்ட்ஸ்’ என்பதன் கீழ் கோடு விழுந்தது. திருத்தியின் பார்வை எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது: அதன் உலகம் முற்றுப்புள்ளியோடு முடிந்துவிடுகிறது.

சரியான மாற்றத்தைப் பிழை என்று சொல்வதுதான் இதைவிடப் பெரிய குறை என்று கருதுகிறேன், ஏனென்றால் விட்டுவிடும் திருத்தி எழுதியதை அப்படியே வைக்கிறது. தவறாகத் திருத்தும் திருத்தியோ நல்ல வாக்கியத்தைக் கெடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்துக்குள் காலம் மாறுவதே பொருத்தமான இடங்கள் உண்டு. ஒருவர் முன்பு கண்டறிந்தது இறந்தகாலம்; கண்டறியப்பட்ட உண்மை இன்றும் உண்மையென்றால் அது நிகழ்காலத்தில் நிற்கலாம். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பதை மாணவர்கள் அறிந்துகொண்டார்கள் என்ற பொருளில், ‘த ஸ்டூடன்ட்ஸ் லேர்ன்ட் தட் வாட்டர் பாயில்ஸ் அட் எ லோயர் டெம்பரேச்சர் அட் ஹை ஆல்டிட்யூட்ஸ்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பாயில்ஸ்’ என்பதை ‘பாயில்ட்’ என்று மாற்றச் சொல்லியது. காரணமாகக் கிடைத்த ஒரு வரி, காலம் சீராக இல்லை என்பது. ஏற்றுக்கொண்டாலும் வாக்கியம் இலக்கணப் பிழையாகிவிடாது. ஆனால் அன்றைக்கு மட்டும் தண்ணீர் அப்படிக் கொதித்தது என்ற சாயல் அதில் ஏறிக்கொள்ளும். அறிவியல் எழுத்தில் இந்தச் சாயல் சிறிய விஷயம் அன்று.

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் இந்த இடத்தில் குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்கள் துறைகளில் காலம் என்பது கட்டுரை முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டிய பொருளே அன்று. பகுதிக்குப் பகுதி மாறுவதுதான் மரபு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேட்டை எடுத்துக்கொண்டால், முந்தைய ஆய்வுகளைப் பேசும் இடத்துக்கும் ஆய்வு முறையை விவரிக்கும் இடத்துக்கும் இறந்தகாலத்தையோ ‘ஹேவ் ஷோன்’ போன்ற ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ வடிவத்தையோ அது பரிந்துரைக்கிறது. முடிவுகளை அறிவிக்க இறந்தகாலம். அந்த முடிவுகள் எதைக் காட்டுகின்றன என்று விவாதிக்க நிகழ்காலம். ஆக, ‘த ஸ்கோர்ஸ் ரோஸ்’ என்று ஒரு வாக்கியமும், ‘தீஸ் ரிசல்ட்ஸ் சஜெஸ்ட்’ என்று அடுத்த வாக்கியமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது முழுக்கச் சரி. ஒருமை என்றால் எங்கும் ஒரே காலம் என்று புரிந்துகொண்டவர் இவற்றை ‘ஒழுங்குபடுத்த’ முனைவார். திருத்தியும், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால், அவருக்குத் துணை போகும்.

பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வாக்கியங்களில் அது சொல்லும் மாற்றம் பெரும்பாலும் சரி, விளக்கம்தான் போதவில்லை. ‘ஹி செட் தட் ஹி வில் கம்’ என்பதில் ‘வில்’லை ‘வுட்’ என்று மாற்றச் சொல்கிறது. கதையிலும் பழைய நிகழ்ச்சியிலும் இது தேவையான திருத்தம். ஆனால் அவர் வரப்போவது இனிமேல்தான் என்றால் ‘வில்’ அப்படியே நிற்கலாம். பேசுபவர் அந்த வருகையை இன்னும் எதிர்பார்க்கிறார் என்பதை அதுவே காட்டும். இந்த வேறுபாட்டைக் குறிப்பில் இன்னொரு வரியாகச் சேர்த்திருந்தால், கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு எவ்வளவோ உதவியிருக்கும். மாற்றுச் சொல் மட்டும் வேண்டுபவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இவை.

அடுத்தது மூட் என்று ஆங்கில இலக்கணம் அழைக்கும் வினைப்பாங்கு. உள்ளதைச் சொல்வது, ஏவுவது, உண்மையல்லாததையோ வேண்டப்படுவதையோ சொல்வது என்று அது மூன்றாகப் பிரிகிறது. மூன்றாவதற்குச் சப்ஜங்டிவ் என்று பெயர். ஏவலில் தொடங்கிய குறிப்பு நடுவில் மாறுவதை இந்தச் சேவை கண்டுகொள்வதே இல்லை. ‘டிசால்வ் த சால்ட் இன் வாட்டர், அண்ட் தென் யூ ஷுட் ஃபில்டர் த சொல்யூஷன்’ என்ற வாக்கியம் அதற்கு முழுத் திருப்தி அளித்தது. உப்பைக் கரை என்று ஏவியவர், அடுத்த மூச்சில் வடிகட்ட வேண்டும் என்று அறிவுரை சொல்வது இலக்கணப் பிழை அன்று, நடைப்பிழை. எனினும் செய்முறைக் கையேடுகளில் படிப்பவரை நிறுத்தி யோசிக்க வைப்பது இதுதான்: வடிகட்டுவது கட்டாயமா, விருப்பமா? எண்ணிட்ட படிகளாக எழுதி, ஒரு படியில் ஏவலையும் இன்னொன்றில் ‘த யூசர் கிளிக்ஸ்’ என்பதையும் வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதே மௌனம்.

சப்ஜங்டிவ் வந்தால் மௌனம் கலைந்து தவறான பேச்சு தொடங்குகிறது. ‘த போர்ட் ரெக்கமென்டட் தட் ஹி ரிசைன் அண்ட் அபாலஜைசஸ்’ என்ற வாக்கியத்தில் பிழை இரண்டாம் வினையில் இருக்கிறது. பரிந்துரைக்குப் பின் வரும் ‘ரிசைன்’ தன் மூல வடிவில் சரியாக நிற்கிறது. ‘அபாலஜைசஸ்’தான் பாங்கு மாறி வந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று அமைத்திருந்தபோது திருத்தி கோடு போட்டது ‘ரிசைன்’ என்பதன் கீழ். ‘ரிசைன்ஸ்’ என்று மாற்றச் சொன்னது. இரண்டு வினைகளும் ஒத்துப்போயின, வாக்கியம் இருந்த நிலையைவிடத் தாழ்ந்தது. அமைப்பை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றியதும் சரியான சொல்லைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வடிவம் அதிகம் புழங்குகிறது என்பதும், பிரிட்டிஷ் வழக்கில் ‘ஷுட் ரிசைன்’ என்று எழுதுவதும் இயல்பு என்பதும் உண்மையே. ஆனால் ‘ஹி ரிசைன்’ என்பது அங்கும் பிழை ஆகிவிடாது.

‘வாஸ்’, ‘வேர்’ விஷயத்தில் அது எதிர்த்திசையில் வரம்பு மீறுகிறது. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ‘வேர்’ வருவது கற்பனை என்பதால்தான். ‘இஃப் ஹி வாஸ் அட் த மீட்டிங், ஐ டிட் நாட் சீ ஹிம்’ என்பதில் கற்பனை எதுவும் இல்லை. அவர் வந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ‘இஃப்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே ‘வேர்’ போடச் சொல்லும் திருத்தி, பள்ளியில் அரைகுறையாக மனப்பாடம் செய்த விதியை எல்லா இடத்திலும் பாடும் மாணவரைப் போல நடந்துகொள்கிறது.

செயப்பாட்டுவினையைப் பற்றி இதற்கு இருக்கும் வெறுப்பு தனியாகப் பேசத் தக்கது. அந்த வெறுப்பு இதனோடு பிறந்ததும் அன்று. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் கொண்ட கணினிகளுக்காக உருவான ‘ரைட்டர்ஸ் ஒர்க்பெஞ்ச்’ என்ற மென்பொருள் தொகுப்பிலேயே, எழுதியதில் எத்தனை விழுக்காடு செயப்பாட்டுவினை என்று எண்ணிச் சொல்லும் நிரல் இருந்தது. 1981-இல் தனிநபர் கணினிகளுக்கு வந்த ‘கிராமாட்டிக்’ போன்ற இலக்கணத் திருத்திகள் அதே வழியில் நடந்தன. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற ‘பீ’ என்ற துணைவினையின் ஒரு வடிவமும், பக்கத்தில் ‘ரிட்டன்’ போன்ற ஒரு பாஸ்ட் பார்ட்டிசிபிள் வினை வடிவமும் இருந்தால் போதும், இயந்திரத்தால் எளிதாக எண்ணிவிட முடியும். எண்ண எளிதாக இருப்பது காலப்போக்கில் குறையாகவும் எண்ணப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது. நான் மதிப்பிடும் சேவையிலும் அதன் தடம் தெரிகிறது: ‘ஐ வாஸ் டயர்ட்’ என்பதைக்கூடச் செயப்பாட்டுவினை என்று நீலக் கோடிட்டது. அங்கே ‘டயர்ட்’ என்பது வெறும் பெயரடை. அவரைக் களைப்படையச் செய்த எழுவாயைத் தேடிப்போக யாருக்கும் தேவையில்லை.

ஒருமை என்று பார்த்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. ‘த கமிட்டி ரிவ்யூட் த பிளான், அண்ட் செவரல் சேஞ்சஸ் வேர் சஜெஸ்டட் பை தெம்’ என்ற வாக்கியம் உறுத்துகிறது. குழு பார்த்தது என்று தொடங்கிவிட்டு, மாற்றங்கள் என்ற புதிய எழுவாயைக் கொண்டுவந்து, அதே குழுவை ‘பை தெம்’ என்று வாலில் கட்டித் தொங்கவிடுகிறது. இதற்கு எதிராக, ‘ஷி அட்டெண்டட் த இன்டர்வியூ அண்ட் வாஸ் ஆஃபர்ட் த ஜாப்’ என்பதைப் பாருங்கள். இங்கும் செய்வினை செயப்பாட்டுவினையாகிறது, ஆனால் உறுத்தவே இல்லை. நேர்காணலுக்குப் போனவரும் வேலை கிடைத்தவரும் ஒருவரே, எழுவாய் நகரவில்லை. படிப்பவரின் கண் பின்தொடர்வது எழுவாயைத்தான். அது நிலையாக இருக்கும்வரை வினை செய்வினையாக இருந்தாலென்ன, செயப்பாட்டுவினையாக இருந்தாலென்ன! சில வேளைகளில் எழுவாயைக் காப்பாற்றவே செயப்பாட்டுவினைக்கு மாற வேண்டியிருக்கிறது.

திருத்தி இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுத்தது. முதலாவதை ‘அண்ட் தே சஜெஸ்டட் செவரல் சேஞ்சஸ்’ என்று மாற்றியது. நல்ல திருத்தம், மறுபேச்சில்லை. இரண்டாவதை ‘அண்ட் தே ஆஃபர்ட் ஹெர் த ஜாப்’ என்று மாற்றியது. யார் அந்த ‘தே’? வாக்கியத்தில் அதற்குமுன் யாருமே இல்லை. செயப்பாட்டுவினையை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில், இல்லாத ஆட்களை உள்ளே அழைத்து வந்து எழுவாயை உடைத்துவிட்டது. ஒருமையைக் காக்க வாங்கிய கருவி ஒருமையைக் குலைத்த இடம் இது. என் மதிப்பீட்டில் இதன் மதிப்பெண் குறைவதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்று. நீலக் கோடுகளை ஏற்க ஏற்க மேல் மூலையில் எண் ஏறுகிறது. தள்ளினால் சில நேரம் அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு அன்று. சரியாக எழுதியதை விட்டுக்கொடுத்து எண்ணைக் கூட்டிக்கொள்ளும் ஆசையை அது வளர்க்கும்.

ஒட்டும் எழுத்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது என்பதால், அலுவலக இரகசியம் கொண்டவற்றை ஒட்டுவதற்குமுன் அதன் தனியுரிமை விதிகளைப் படித்துவிடுவது நல்லது. இலவசப் பதிப்பே காலத் தவறுகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடுகிறது. சந்தா கட்டினால் கூடுதலாகக் கிடைப்பவை செயப்பாட்டுவினை, நடை பற்றிய யோசனைகள்தாம். மேலே கண்டபடி, அதிகம் தவறுவதும் அங்கேதான். மின்னஞ்சல் அளவில் எழுதுபவருக்கு இலவசப் பதிப்பு போதும். ஆய்வேடு எழுதுபவர் சந்தா கட்டத்தான் வேண்டுமென்றால், அமைப்புகளுக்குப் போய்ச் செயப்பாட்டுவினை எச்சரிக்கையை முதலில் அணைத்துவிட்டு, எந்த ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்பதையும் தேர்ந்துவிட்டு, பிறகு ஒட்டட்டும். பத்திகளுக்கு இடையிலான காலத்தைப் பார்க்க, வினைமுற்றுகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வரிசையாகப் படிக்கும் பழைய முறைதான் இன்னும் கை கொடுக்கிறது.

அடுத்த பதிப்பில் ஒன்றைச் சேர்க்கலாம் என்று அவர்களுடைய கருத்துப் படிவத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்: எழுதத் தொடங்கும்போதே ‘இந்தப் பகுதியின் அடிப்படைக் காலம் இறந்தகாலம், பாங்கு ஏவல் அன்று’ என்று குறித்துவைக்க ஒரு வசதி வேண்டும். அந்த ஒரு குறிப்பு இருந்தால், நடவடிக்கைக் குறிப்பில் தனியாக நின்ற ‘ப்ரசென்ட்ஸ்’ என்ற சொல்லையும் அதனால் பிடித்திருக்க முடியும், ‘பாயில்ஸ்’ போன்ற பொது உண்மையைத் திருத்துவதற்குமுன் எழுதியவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க முடியும். இதுவரை பதில் வரவில்லை.